மரத்தடியில் கூடாரம், பகலில் வாஷிங்டன்: கிரீன்பெல்ட் பூங்காவில் தங்கி ஊர் சுற்ற ஒரு முழு வழிகாட்டி

வாஷிங்டன் போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பார்க்க வேண்டிய இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள், நேஷனல் கேலரி, நினைவிடங்கள், நாடாளுமன்றக் கட்டடம் எல்லாமே இலவசம். பணத்தைக் கரைப்பது தங்கும் செலவுதான். அதைக் குறைக்க ஒரு வழி, நகருக்கு வடகிழக்கே சுமார் 12 மைல் தொலைவில் மேரிலாந்தில் உள்ள கிரீன்பெல்ட் பூங்கா. இது அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் இடம். சுமார் 1,100 ஏக்கர் காடு, அதற்குள் 170-க்கும் மேற்பட்ட கூடார இடங்கள். ஒருநாள் வாடகை நகரத்து ஓட்டல் அறையின் வரிப்பணத்துக்குக்கூட வராது.

ஆனால் மிச்சமாகும் பணத்துக்கு ஈடாக நேரமும் உடம்பும் கொடுக்க வேண்டும். கூடாரத்திலிருந்து அருங்காட்சியக வாசலுக்குப் போய்ச்சேர ஒன்றே கால் மணி நேரம் ஆகும், திரும்பி வர அதே அளவு. ஒரே ஓர் இரவு தங்குவதென்றால் இந்த ஏற்பாடு வீண். கூடாரம் அடிக்கவும் பிரிக்கவுமே பொழுது போய்விடும். குறைந்தது மூன்று இரவு. நகரத்துக்கு இரண்டு நாள், அவற்றுக்கு நடுவே பூங்காவைச் சுற்றி ஒரு நாள். தொடர்ந்து இரண்டு நாள் மால் வெளியில் (நேஷனல் மால் என்ற, அருங்காட்சியகங்களும் நினைவிடங்களும் சூழ்ந்த நீண்ட புல்வெளி) நடந்துவிட்டுத் தரையில் படுத்தால் மூன்றாம் நாள் காலை முதுகு கணக்குக் கேட்கும்.

இடம் பிடிப்பது

முன்பதிவு ரெக்ரியேஷன்.கவ் தளத்தில். செர்ரி மரங்கள் பூக்கும் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரங்களுக்கும், மே மாத நீள்வாரத்துக்கும், ஜூலை 4-ஐ ஒட்டிய நாட்களுக்கும் மாதக்கணக்கில் முன்னதாகப் பிடிக்க வேண்டும். மற்ற வாரநாட்களில் இடம் கிடைப்பது எளிது. 62 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களும் வாங்கும் மூத்தோர் பாஸ் இருந்தால் வாடகை பாதி. கிரீன் கார்டு வாங்கிய அப்பா, அம்மா உடன் வந்தால் முதலில் அந்தப் பாஸை எடுத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். பாஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர் கூடவே தங்க வேண்டும்.

முகாம் நான்கு வளையங்களாகப் பிரிந்திருக்கிறது: ஏ, பி, சி, டி. எல்லா வளையமும் எப்போதும் திறந்திருக்காது என்பதால் பணம் கட்டும் முன் பூங்காவின் பக்கத்தில் அறிவிப்பைப் பாருங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டைக் கவனித்தால் போதும். முதலாவது சத்தம். பால்டிமோர்-வாஷிங்டன் பார்க்வே என்ற நெடுஞ்சாலை பூங்காவை ஊடறுத்துப் போகிறது. பகலில் அது தெரியாது, இரவில் கடல் இரைச்சல் மாதிரி கேட்கும். வரைபடத்தில் அந்தச் சாலைக்கு எட்ட இருக்கும் இடமாகப் பாருங்கள். இரண்டாவது கழிப்பறைக் கட்டடம். ஐம்பது அடிக்குள் இருந்தால் இரவெல்லாம் கதவுச் சத்தமும் வெளிச்சமும். முந்நூறு அடிக்கு அப்பால் போனால் சின்னப் பிள்ளைகளோடு நள்ளிரவில் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம். இடைப்பட்ட தூரம்தான் நிம்மதி.

மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு எந்த இடத்திலும் கிடையாது. பொதுக் குழாய், கழிப்பறை, வெந்நீர்க் குளியல் உண்டு. ஆர்வி என்ற வீட்டு வண்டி கொண்டுவருபவர்கள் கழிவுநீரை இறக்க ஓரிடம் இருக்கிறது. ஏசி ஓடியே ஆக வேண்டும் என்பவர்கள் காலேஜ் பார்க்கில் உள்ள செர்ரி ஹில் பார்க் என்ற தனியார் முகாமுக்குப் போவது நல்லது. மின் இணைப்பும் நீச்சல் குளமும் உண்டு, விலையும் அதற்கேற்றபடி. பூங்காவுக்குள் மது கூடாது. இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது.

வழி கேட்கும்போது ஒரு குழப்பம் வரும். கிரீன்பெல்ட் என்பது ஊரின் பெயரும்கூட. 1937-ல் ரூஸ்வெல்ட் ஆட்சியில் அரசே கட்டிய மாதிரி நகரம் அது. அந்த ஊருக்குள் ஏரியோடு ஒரு நகராட்சிப் பூங்கா இருக்கிறது. ஜிபிஎஸ்ஸில் வெறுமனே கிரீன்பெல்ட், ஏரி, பூங்கா என்று போட்டால் அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே கூடாரம் போட முடியாது. 6565 கிரீன்பெல்ட் ரோடு என்று போடுங்கள்.

கூடாரம்: நீங்கள் இல்லாத நேரத்துக்காக

சாதாரண கேம்பிங்கில் மழை வந்தால் ஆள் பக்கத்தில் இருப்பார். இங்கே நீங்கள் 12 மைல் தள்ளி டைனோசர் எலும்பைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தப் பகுதியில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடியோடு மழை கொட்டுவது சகஜம். ஆகவே கூடாரத்தை அடிக்கும்போதே, ஆளில்லாமல் ஒரு புயலைத் தாங்கவேண்டும் என்ற கணக்கில் அடியுங்கள்.

அடிப்பதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். இந்தக் காடு புகையிலை விளைந்து சத்துப் போன நிலத்தில் தானாக மீண்டு வளர்ந்தது. பைனும் ஓக்கும் அதிகம், பட்டுப்போன கிளைகளும் அதிகம். காய்ந்த கிளை தொங்கும் இடத்துக்குக் கீழே கூடாரமும் வேண்டாம், காரும் வேண்டாம்.

தரைவிரிப்பு கூடாரத்தின் அடிப்பாகத்தைவிடச் சுற்றிலும் இரண்டு அங்குலமாவது சின்னதாக இருக்க வேண்டும். பெரிதாக விட்டால், மேலிருந்து வழியும் மழைநீர் அந்த விளிம்பில் விழுந்து நேராகக் கூடாரத்துக்கு அடியில் போகும். "புது டென்ட்தான், ஆனாலும் ஒழுகுது" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேரின் சிக்கல் இதுதான். முளைகளைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து முழுதாக இறக்குங்கள். மேல்விரிப்பின் இழுகயிறுகளை எல்லாம் கட்டுங்கள். அவை அழகுக்காக வருவதில்லை, காற்றில் மேல்விரிப்பு உள்துணியோடு ஒட்டாமல் பிடிப்பவை அவைதான். ஒட்டினால் அந்த இடத்தில் நீர் கசியும்.

ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் செய்ய வேண்டியவை: மேல்விரிப்பை மூடி ஜிப் போடுவது, படுக்கைகளைச் சுவரிலிருந்து விலக்கி நடுவில் குவிப்பது, வெயிலுக்குக் கட்டிய தனிப்பந்தலை இறக்குவது. பந்தலை இறக்க மறந்தால் அது பறந்து போய்ப் பக்கத்து இடத்துக்காரர் காரில் விழும். உணவு, குப்பை, பற்பசை உட்பட வாசனை அடிக்கும் எல்லாம் கார் டிக்கிக்குள் போக வேண்டும். இங்கே கரடித் தொல்லை இல்லை. ரக்கூனும் அணிலும்தான், அவையே போதும். ஒரு பிஸ்கட் பொட்டலத்துக்காகக் கூடாரத் துணியைக் கிழித்துவிடும்.

விறகு வெளி மாநிலத்திலிருந்து கொண்டுவராதீர்கள். மரப்பட்டைக்குள் பூச்சி வரும். ஆஷ் மரங்களை அழித்த எமரால்ட் வண்டு பரவியதில் இப்படி ஊர்விட்டு ஊர் போன விறகுக்கும் பங்கு உண்டு. மேரிலாந்தில் உண்ணிக்கடியால் லைம் நோய் வரும். புல், புதரில் நடந்தால் பேண்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். இரவு குளிக்கும்போது அக்குள், முழங்காலின் பின்பக்கம், காதோரம், தலைமுடிக்குள் தடவிப் பாருங்கள். மும்மூன்று இலையாக நிற்கும் செடி எதையும் தொட வேண்டாம்; பாய்சன் ஐவி பட்டால் அரிப்பு இரண்டு வாரம் விடாது.

மின்சாரமும் அடுப்பும்

மெட்ரோ சீட்டு, நுழைவுச் சீட்டு, வழி எல்லாம் போனில்தான் என்பதால் இந்தப் பயணத்தில் போன் செத்தால் பயணமே நின்றுவிடும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று, ஏட்டில் எவ்வளவு போட்டிருந்தாலும், நடைமுறையில் ஒரு போனை மூன்று தடவை முழுதாக ஏற்றும். நான்கு பேர், மூன்று இரவு என்றால் இரண்டு பவர் பேங்க் வேண்டும். ஸ்டேஷனுக்குக் காரில் போகும்போது அவற்றைக் காரிலேயே ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் பத்து நிமிட ஓட்டத்தில் பெரிதாக ஒன்றும் ஏறாது. நடு நாளில் வெளியே சுற்றும்போதுதான் உண்மையில் நிரம்பும்.

ஒரு பவுண்டு புரோப்பேன் உருளை, 10,000 பிடியூ அடுப்பு ஒன்றை முழுத் தீயில் சுமார் இரண்டு மணி நேரம் எரிக்கும். காலையில் காபி, உப்புமா; இரவில் சோறு, ரசம் என்ற அளவில் ஒரு குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு இரண்டு உருளை. விமானத்தில் வருகிறவர்கள் இங்கே வந்துதான் வாங்க வேண்டும். கூலரில் துண்டு ஐஸை மட்டும் போட்டால் கோடையில் ஒன்றரை நாளில் தண்ணீர். அடியில் பாளமாக உறைந்த ஐஸ், மேலே துண்டு ஐஸ் என்று போட்டால் மூன்று நாள் ஓட்டலாம். கூலர் காருக்குள் வெயிலில் நிற்கும் என்பதையும் யோசியுங்கள். நிழலில் நிறுத்தி மேலே ஒரு போர்வை போடுங்கள்.

ஸ்டேஷனுக்குப் போவது

காரை நகருக்குள் கொண்டுபோகாதீர்கள். நிறுத்த இடம் தேடியே காலை போய்விடும். ஆர்வியாக இருந்தால் பல நிறுத்தக் கட்டடங்களில் உயரம் தட்டும்.

பூங்காவுக்குப் பக்கத்தில் மெட்ரோவின் கிரீன் லைனில் இரண்டு நிலையங்கள்: கிரீன்பெல்ட், காலேஜ் பார்க். இரண்டுக்கும் காரில் பத்து நிமிடம் போல ஆகும். காலேஜ் பார்க்கில் அடுக்குமாடி நிறுத்தம், உயரக் கட்டுப்பாடு உண்டு. கிரீன்பெல்ட்டில் திறந்தவெளி நிறுத்தம், இடமும் தாராளம். கூரைமேல் பெட்டி வைத்த வண்டியோ வேனோ என்றால் கிரீன்பெல்ட்தான். அது லைனின் கடைசி நிலையம் என்பதால் காலையில் உட்கார இடமும் கிடைக்கும். வாரநாளில் நிறுத்தக் கட்டணம் உண்டு, வெளியேறும்போது கார்டில் கட்டலாம். சனி, ஞாயிறில் இலவசம்.

கார் இல்லாதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முகாம் பூங்காவின் உள்ளே இருக்கிறது, பேருந்து நிற்பது வெளியே கிரீன்பெல்ட் ரோட்டில். இரண்டுக்கும் நடுவே நல்ல நடை, இரவில் விளக்கும் இருக்காது. பழைய பயணக் குறிப்புகளில் காணும் பேருந்து எண்களை நம்பாதீர்கள். 2025 ஜூனில் மெட்ரோ தன் பேருந்துத் தடங்கள் எல்லாவற்றுக்கும் புதுப் பெயர் வைத்துவிட்டது. நகருக்குள் ஓடிய சர்க்குலேட்டர் பேருந்தும் 2024 முடிவோடு நின்றுவிட்டது. காலையில் பேருந்தில் போய், இரவு ஸ்டேஷனிலிருந்து வாடகைக் கார் பிடித்து முகாம் வரை வருவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

2024 நடுவில் நிர்ணயித்த மெட்ரோ ரயில் கட்டணப்படி, வாரநாட்களில் தூரத்தைப் பொறுத்து ஒருவருக்கு ஒரு தடவை 2.25 முதல் 6.75 டாலர். இரவு 9.30-க்கு மேலும் சனி, ஞாயிறிலும் 2.25 முதல் 2.50-தான். நான்கு பேர் போய்வர வாரநாளில் 40 டாலரை நெருங்கும். வார இறுதியில் 20-ஐத் தாண்டாது. நிறுத்தக் கட்டணமும் இல்லை. நகரத்து நாட்களில் ஒன்றையாவது சனி அல்லது ஞாயிறில் வைக்க இதுவே காரணம். கூட்டம் கூடுதலாக இருக்கும், பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விட்டால் அது தெரியாது.

ஆளுக்கு ஒரு ஸ்மார்ட்டிரிப் கார்டோ (மெட்ரோவின் கட்டண அட்டை), தட்டிக் கட்டும் வங்கிக் கார்டோ வேண்டும். ஒரே கார்டில் இரண்டு பேர் போக முடியாது. போனிலும் வைத்துக்கொள்ளலாம். உள்ளே போகும்போது தட்டிய அதே கார்டை வெளியேறும்போதும் தட்டுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பெரியவர் ஒருவருக்கு இருவர் வரை இலவசம். ரயிலில் சாப்பிடக் கூடாது, நகரும் படியில் வலப்பக்கம் நிற்க வேண்டும். இடப்பக்கம் குடும்பமாக நின்றால் அலுவலகம் போகிறவர்கள் முறைப்பார்கள்.

பையில் எது இருக்கக் கூடாது

முகாமிலிருந்து போகிறவர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும் சிக்கல் இது. அருங்காட்சியகம், நாடாளுமன்றம், ஆவணக் காப்பகம் எல்லாவற்றிலும் வாசலில் சோதனை உண்டு. சட்டைப்பையில் கிடக்கும் மடக்குக் கத்தி, பல்கருவி, மிளகுத் தெளிப்பான், எஞ்சிய கூடார முளை, எரிவாயு உருளை இவற்றில் ஒன்று இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். அதைப் பாதுகாத்து வைத்துத் தரமாட்டார்கள். ஆகவே நகரத்துக்கென்று தனிப் பை ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். காட்டுக்குக் கொண்டுபோகும் பையைக் காலி செய்து எடுத்துப்போவதில் எப்போதும் ஏதாவது அடியில் தங்கிவிடும்.

அதில் இருக்க வேண்டியவை: தண்ணீர், மெல்லிய மழைச்சட்டை, பவர் பேங்க், மாற்றுக் காலுறை, கட்டுச்சோறு. கோடையில் தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். புளிசாதமும் சப்பாத்திச் சுருளும் தாங்கும். அருங்காட்சியகத்துக்குள் பிரிக்காமல் மால் வெளியில் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

முதல் நகர நாள்

முகாமிலிருந்து 8.30-க்குக் கிளம்புங்கள். கிரீன்பெல்ட்டில் ஏறினால் மாறாமல் ஆர்க்கைவ்ஸ் நிலையம், அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. வெளியே வந்தால் எதிரிலேயே தேசிய ஆவணக் காப்பகம். சுதந்திரப் பிரகடனம் அங்கேதான். காலை பத்து மணிக்குள் வரிசையில் நின்றால் முக்கால் மணி நேரத்தில் முடித்து, மேற்கே நடந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போகலாம். அதையொட்டி அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய அருங்காட்சியகத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்மித்சோனியன் 5.30-க்கு மூடும். அதன் பிறகு மேற்கே வாஷிங்டன் தூண், இரண்டாம் உலகப்போர் நினைவிடம், லிங்கன் நினைவிடம் என்று நடை. இவை இரவிலும் திறந்திருக்கும். விளக்கு போட்ட பிறகு பார்ப்பதே அழகு. லிங்கனிடமிருந்து மறுபடி ஆர்க்கைவ்ஸுக்கு நடந்து வராதீர்கள், கால் ஒத்துழைக்காது. வடக்கே ஏறக்குறைய ஒரு மைலில் ஃபாகி பாட்டம் நிலையம். அங்கிருந்து லான்ஃபான்ட் பிளாசா வந்து, கிரீன்பெல்ட் என்று பலகை போட்ட ரயிலுக்கு மாறுங்கள். எதிர்த்திசை ரயிலில் பிராஞ்ச் அவென்யூ என்றிருக்கும். அசதியில் அதில் ஏறிவிடுகிறவர்கள் உண்டு. ஞாயிறு முதல் வியாழன் வரை மெட்ரோ நள்ளிரவோடு நிற்கும், கடைசி ரயில் உங்கள் நிலையத்தை அதற்கு முன்பே கடந்துவிடும். 9.30-க்கு ரயில் ஏறுவது என்று வைத்துக்கொண்டால் கட்டணமும் குறையும். முகாம் சேரும்போது அமைதி நேரம் தொடங்கியிருக்கும். டார்ச்சும் மாற்றுடையும் கைக்கெட்டும் இடத்தில் காலையிலேயே எடுத்து வைத்திருங்கள், சமையலை அந்த நேரத்தில் தொடங்காதீர்கள்.

நடு நாள்

தாமதமாக எழுந்து காட்டுப்பாதையில் நடக்கலாம். பிறகு பக்கத்திலேயே நாசாவின் காடார்டு விண்வெளி மையம். அதன் பார்வையாளர் கூடம் இலவசம், திறந்திருக்கும் நாளைப் பார்த்துப் போங்கள். காலேஜ் பார்க்கில் 1909 முதல் இன்றுவரை இயங்கும் விமானத் தளமும் அதை ஒட்டி ஒரு விமான அருங்காட்சியகமும் இருக்கின்றன. வில்பர் ரைட் ராணுவ அதிகாரிகளுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த இடம். ஜூலையில் வந்தால் கெனில்வொர்த் நீர்ப்பூங்காவில் தாமரைக் குளங்கள் பூத்துக் கிடக்கும், காலையிலேயே போய்விட வேண்டும். சைக்கிள் கொண்டுவந்தவர்கள் ஆர்டிமீசியா ஏரியிலிருந்து அனகோஸ்டியா ஆற்றோரப் பாதையில் அதே பூங்கா வழியாக நகரம் வரை ஓட்டலாம்.

தமிழர்களுக்கு இந்த முகாமில் இன்னொரு சௌகரியம்: லான்ஹாமில் உள்ள சிவா விஷ்ணு கோவிலும் முருகன் கோவிலும் காரில் கால் மணி நேரத்துக்குள். சிவா விஷ்ணு கோவிலில் வார இறுதியில் கேண்டீன் உண்டு. இரண்டு நாள் ரொட்டி தின்ற வாய்க்கு தோசை. வாரநாளில் நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும். பூங்கா வாசலில் போகும் அதே 193-ஆம் எண் சாலையில் மேற்கே போனால் லாங்லி பார்க். அரிசி, பருப்பு, கறிவேப்பிலை, தென்னிந்தியச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும்.

இரண்டாம் நகர நாளும் கிளம்புவதும்

இந்த நாள் நேரச்சீட்டு (உள்ளே போகும் நேரம் குறித்த சீட்டு) தேவைப்படும் இடங்களுக்கு. விண்வெளி அருங்காட்சியகத்துக்கும் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் இலவசமாகவே நேரச்சீட்டு எடுக்க வேண்டும். வாஷிங்டன் தூணில் ஏற இணையத்தில் ஒரு டாலர் சேவைக் கட்டணம். அன்றைய இலவசச் சீட்டு வேண்டுமென்றால் தூணுக்கு அருகே 15-ஆம் தெருவில் உள்ள சீட்டுக் கட்டடத்தில் காலை 8.45-க்கு முன் வரிசையில் நிற்க வேண்டும், அதாவது முகாமில் ஏழு மணிக்கே வண்டியைக் கிளப்ப வேண்டும். பிள்ளைகளோடு அது நடக்காத காரியம், ஒரு டாலரைக் கட்டிவிடுங்கள். நேரச்சீட்டை 10 மணிக்கு எடுக்காமல் 11 மணிக்கு எடுங்கள். மழை, அடுப்பு, ரயில் பராமரிப்பு என்று முகாமிலிருந்து வருகிறவர்களுக்குத் தாமதிக்க நூறு காரணம் உண்டு. விண்வெளி அருங்காட்சியகத்துக்கு லான்ஃபான்ட் பிளாசாவில் இறங்குங்கள். நாடாளுமன்றமும் காங்கிரஸ் நூலகமும் ஞாயிறன்று சுற்றிப் பார்க்க முடியாது. நூலகம் திங்களன்றும் இல்லை.

கடைசி நாள் காலை கூடாரம் பனியிலோ மழையிலோ நனைந்திருக்கும். காய்வதற்காகக் காத்திருக்க வேண்டாம். உதறி, மற்ற சாமானோடு சேர்க்காமல் பெரிய குப்பைப் பையில் தனியாகப் போடுங்கள். வீடு போனதும் அன்றைக்கே, அல்லது மறுநாள் விடிந்ததும், விரித்துக் காயவையுங்கள். இரண்டு மூன்று நாள் அப்படியே கிடந்தால் பூஞ்சை பிடித்து உள்பூச்சு பிசுபிசுக்கும், அதன் பிறகு எந்தச் சோப்புக்கும் அந்த நாற்றம் போகாது.